எதிர்த் தறிக்காரி

நாம்தின் நகரத்தில், தாவ் ஆற்றங்கரையில் இருந்த சின்ன நெசவாலை மூடியபோது எல்லோரும் வேறு பிழைப்பு தேடிப் போனார்கள். தோவா மட்டும் காவல்காரியாக அங்கேயே தங்கிவிட்டாள். பெருக்குவதும் அவள்தான். கறாரான ஆள். அவளைக் கேட்காமல் ஒரு பூனைகூட உள்ளே போக முடியாது. ஊரில் எல்லோரும் அவளிடம் நின்று பேசிவிட்டுப் போவார்கள், லுயேனைத் தவிர.

லுயேனும் தோவாவும் பதினேழு வருடம் எதிரெதிர்த் தறியில் நின்றவர்கள். ஆட்குறைப்பு நடந்த வருடம் ஒருநாள் மேஸ்திரி நடுவே வந்து நின்று, "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு உடம்பு முடியல?" என்று கேட்டார். லுயேனுக்கு அன்று காய்ச்சல். நாலு நாள் ஓய்வு கொடுப்பார்கள் என்று நினைத்துத் தோவா அவளைக் கைகாட்டினாள். அடுத்த வாரம் சுவரில் ஒட்டிய ஆட்குறைப்புப் பட்டியலில் லுயேனின் பெயர் இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. தோவா விளக்கம் சொல்லப் போகவில்லை. லுயேன் கேட்க வரவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சந்தில் இருந்துகொண்டு பதினான்கு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்த வருடம் குளிர் விட்டதும் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளும் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆலைக்குள் கண்காட்சி வைக்க வந்தார்கள். வந்த அன்றே சண்டை.

"துருவச் சுரண்டிட்டா தறியில அழகு எங்க இருக்கு?" என்றது ஓவியக் கூட்டம்.

"ஓடாத தறியப் பாக்க எவன் வருவான்?" என்றது மற்றது.

தோவா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "நாலு தறி மிச்சம் இருக்குல்ல? ரெண்ட ஓட்டுங்க, ரெண்டத் துருவோட விடுங்க. எனக்குப் பெருக்க வழி விடுங்க."

மோட்டார் மாட்டித் தறி ஓடத் தொடங்கிய நாளில் கூடம் அதிர்ந்தது. குவே என்ற ஓவியப் பெண் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "இதுக்குள்ள எப்படி அத்தை பேசிக்குவீங்க?"

"சத்தமில்லாமத்தான். உதட்டப் பாத்தாப் போதும்."

தோவா பேசிக் காட்டக் காட்ட, குவேயும் தோழிகளும் நீளநீளமான, வெளுக்காத கோராத் துணிகளில் ஆளுயரத்துக்கு உதடுகளாக வரைந்தார்கள். 'நூல் அறுந்துபோச்சு.' 'மேஸ்திரி வர்றான்.' 'பசிக்குது.' ஒவ்வொன்றின் கீழும் சொல்லை எழுதித் தறிகளுக்கு மேலே தொங்கவிட்டார்கள்.

பிள்ளைகள் பழைய ஆலைப் பெண்கள் எல்லோருக்கும் அழைப்புக் கொடுத்திருந்தார்கள். யாருக்கு யாரோடு ஆகாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் காலை லுயேனும் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். தறிகள் ஓடின. தோவா தன் பழைய இடத்தில் நின்றிருந்தாள். கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கி லுயேனும் எதிர்ப்பக்கம் வந்து நின்றாள்.

லுயேனின் உதடு அசைந்தது. "என்னடி, இப்படி இளைச்சுட்ட?"

"நீதான் ரெண்டு பேருக்கும் சேத்துத் தின்னுட்டியே. கத்திரிக்கா மாதிரி இருக்க அக்கா, இந்தச் சட்டையில," என்று தோவாவின் உதடும் அசைந்தது.

சொல்லி முடித்த பிறகுதான் தோவாவுக்கு உறைத்தது, இவளோடு நமக்குப் பேச்சில்லையே என்று. லுயேனின் சிரிப்பும் பாதியில் நின்றது. ஆனால் இருவரும் முகத்தைத் திருப்பவில்லை.

"ஓய்வு குடுப்பாங்கன்னுதான் அன்னிக்கு உன்னக் காட்டினேன்கா."

லுயேன் தறியின் விளிம்பில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அது ரெண்டாம் வருஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

சுற்றி நூறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. குவே மட்டும் கவனித்துவிட்டு, தறி நின்றதும் ஓடி வந்தாள். "என்ன அத்தை பேசிக்கிட்டீங்க?"

"சட்டையப் பத்தி," என்றாள் தோவா.

தறிச் சத்தம் நின்ற பிறகு வாய் திறந்து பேச இருவருக்கும் கூச்சமாக இருந்தது. "மழ வரும்போல," என்று சொல்லிவிட்டு லுயேன் கிளம்பினாள். மறுநாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். தறி ஓடும் நேரமாகப் பார்த்து வந்து, நின்றதும் போய்விடுவாள்.

பத்தாம் நாள் கண்காட்சி முடிந்தது. பிள்ளைகள் துணிகளைச் சுருட்டி, மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை தோவா ஆலை வாசலைப் பூட்டிவிட்டு லுயேனின் சந்துக்குப் போனாள். லுயேன் வாசலில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிக்கிற? உள்ள இன்னொரு கத்தி இருக்கு, எடுத்துட்டு வா," என்றாள்.

தோவா கத்தியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லுயேன் தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். கூடைக் கிழங்கு முழுவதும் சீவி முடித்தும் அந்தப் பேச்சு தீரவில்லை.