ரேக்கு அறையின் காற்று

அவர் கைகள் தட்டைத் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை இழுத்துக்கொண்டன. கன்னத்தின் எண்ணெய்ப் பிசுக்கு தூரிகை மயிரில் ஏறினால்தான் தாளைவிட மெல்லிய தங்க ரேக்குத் தகடு அதில் ஒட்டி எழும். பிறகு உதடுகள் கண்ணாடிச் சட்டத்தின்மேல் குனிந்தன. காய்ந்த செம்மண் பூச்சின்மேல் 'ஹா' என்று ஒரு மூச்சு. அந்த ஈரம் ஆறுவதற்குள் ரேக்கை வைத்தாக வேண்டும். வைத்தார், படிந்தது. அடுத்த இடத்துக்கு அடுத்த மூச்சு.

தெருவில் அவருக்குப் பெயரே ரேக்குதான். நிலைக்கண்ணாடிச் சட்டங்களுக்குத் தங்கம் ஒட்டுகிற வேலை. கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டது. ரேக்குக்குக் காற்று பகை. யாராவது கதவை விசுக்கென்று திறந்தால் போதும், தங்கம் சுருண்டு உருண்டையாகிவிடும். அதனால் அவருடைய பின்னறையில் மின்விசிறி சுழலாது. ஜன்னல் இடுக்குகளில்கூடக் காகிதம் ஒட்டியிருந்தார்.

அந்த அறையில்தான் குழந்தையின் தொட்டிலும் இருந்தது. குறை மாதத்தில் பிறந்த பெண். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, "இவளுக்குச் சளி பிடிக்காம பாத்துக்கோங்க, நுரையீரல் இன்னும் பிஞ்சு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சளி என்றால் குளிர்காற்று என்று கணவனும் மனைவியும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலேயே காற்று புகாத இடம் ரேக்கு அறை. தங்கமே அசையாத இடத்தில் குழந்தைக்கு என்ன வந்துவிடப் போகிறது?

வந்தது மைத்துனனோடு. அவன் பஸ் கண்டக்டர்; சில நாளாக அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். கூட்ட நெரிசலில் நாளெல்லாம் நின்றுவிட்டு, ஒரு மாலை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான்.

"டேய், அங்கயே நில்லு!" என்றாள் அக்காள். முன்னறை ஜன்னலோரம் பாய், தனி டம்ளர், தனித் துண்டு. பின்னறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

"என்னக்கா, டிக்கெட் எடுக்காம ஏறுனவன எறக்கி விடுற மாதிரி வெரட்டுற?"

"ஆமாடா. நீ எறங்கினாத்தான் மத்தவங்க ஊர் போய்ச் சேருவாங்க."

"மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல மாப்ள? எனக்கும் அதே பஸ்தான்" என்றார் ரேக்கு. சிரிப்பு தொண்டையில் சிக்கி இருமலானது. செம்மண் தூசி என்று நினைத்துத் தண்ணீர் குடித்தார். இரண்டு நாள் முன்னால் இரவில், ஒரே பாயில் உட்கார்ந்து அவனோடு கதை பேசியது அவர் நினைவுக்கு வரவில்லை.

வீடே கண்டக்டரைக் காவல் காத்தது. ரேக்கை யாரும் காவல் காக்கவில்லை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பூச்சின்மேல் மூச்சு மூச்சாக விட்டபடி வேலை செய்தார். இருமல் வரும்போதெல்லாம், கை பழகியதுபோல் கழுத்தும் பழகியிருந்தது: தங்கம் கலையாதபடி முகத்தைச் சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். எதிர்ப்பக்கத்தில் தொட்டில்.

ஒருநாள் காலை அவருக்கு உடம்பு கொதித்தது. கண்ணாடிக் கடைக்காரர் அவசரப்படுத்தியிருந்ததால் வேலைக்கு உட்கார்ந்தார். நெஞ்சைக் கிழிக்கிற இருமல் ஒன்று வர, வழக்கம்போலத் திரும்பினார். நிமிர்ந்து பார்த்தபோது தொட்டிலில் ஏதோ மின்னியது. எழுந்து போனார்.

குழந்தையின் மேலுதட்டில் ஒரு பொட்டுத் தங்கம்.

அவர் மீசையில் எப்போதும் ரேக்குத் துணுக்கு ஒட்டியிருக்கும். அது அறையைக் கடந்து இங்கே வந்திருக்கிறது. தங்கத்தைக் கொண்டுவந்த மூச்சு வேறு எதை எதைக் கொண்டுவந்தது? கண்ணுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இத்தனை நாளாக விட்ட மூச்செல்லாம் வெளியே போக வழியில்லாமல் இந்த நான்கு சுவருக்குள்ளேயே நின்றிருக்கிறது. அவள் அதைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜன்னல் காகிதத்தை நகத்தால் பிய்த்துக் கதவுகளை விரியத் திறந்தார். மேசையிலிருந்த ரேக்கு எழும்பிச் சுவரெல்லாம் அப்பியது.

மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, புத்தி கெட்டுப் போச்சா? புள்ளைக்குக் காத்து படுது!"

"படட்டும். தூக்கிட்டு வெளிய போ. என்கிட்ட வராத."

"என்ன ஆச்சு?"

வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னார்: "உன் தம்பி இல்ல. நான்."

அவள் முகம் வெளிறியது. குழந்தையைத் துணியோடு வாரிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள்.

அதன்பிறகு காத்திருப்பு. தாயும் குழந்தையும் முன்னறையில், ஜன்னல்கள் திறந்தபடி. கண்டக்டர் மொட்டை மாடிக்குப் போனான். ரேக்கு பின்னறையிலிருந்து கதவு வழியாகவே கேட்பார்: "பால் குடிச்சாளா?" "குடிச்சா." மறுபடி கேட்பார். ஒரு மத்தியானம் பதில் வரவில்லை. குழந்தை பாலை விட்டுவிட்டு மூச்சுக்குப் போராடியது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே போயிற்று. தாயும் தம்பியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கூடப் போகக்கூட அவருக்கு வாய்க்கவில்லை. திறந்த ஜன்னலருகே தன் மூச்சையே வெறுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூக்கில் குழாய் வைத்து மூச்சுக் கொடுத்தார்கள். பிழைத்தாள். வீட்டுக்கு வந்தபோது தொட்டில் முன்னறையில், ஜன்னலுக்கு எதிரே கட்டப்பட்டிருந்தது.

காய்ச்சலும் இருமலும் முழுதாக விட்டபின், ரேக்கு பின்னறையில் தனியாக அமர்ந்து, கலைந்த பகுதியைச் சுரண்டி மறுபடி பூச்சிட்டு, ரேக்கு ஒட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றி முடித்தார்.

சட்டத்தை வாங்கிப்போகக் கடைக்காரர் வாசலுக்கு வந்தார். "அடேயப்பா, தகதகன்னு இருக்கே! ரேக்கு, குட்டி எங்க? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேனே" என்று படியில் கால் வைத்தவர், கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

ரேக்கு சட்டத்தைத் தூக்கி இருவருக்கும் நடுவே நிறுத்தினார்.

"அண்ணே, மன்னிச்சுக்கோங்க. இப்ப வேண்டாம்."

"ஏம்ப்பா, நான் என்ன அந்நியனா?"

"இல்லண்ணே. பயமா இருக்கு."

கடைக்காரர் தன் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். காலைப் பின்னுக்கு எடுத்துத் தெருவில் இறங்கினார். ரேக்கு சட்டத்தைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே நகர்ந்துகொண்டார். கடைக்காரர் குனிந்து, இரண்டு கையாலும் அதை எடுத்துக்கொண்டார்.