மஞ்சள் துணியில் ஒரு கத்தி

என் மகள் பெரியபிள்ளையானது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரை விட்டு வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து, செவன் கிங்ஸில் ஒரு கடைக்கு மேலே இரண்டறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு சான்ட்விச் பக்டரியில் காலை ஷிப்ட், என் மனுசனுக்குப் பெற்றோல் ஸ்டேசனில் பின்னேர ஷிப்ட். பிள்ளையை ஊரிலே போல நாட்கணக்காக மூலையில் இருத்திவைத்துப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. காய்ச்சல் என்று சொல்லி நாலு நாள் மறித்து வைத்தேன். அஞ்சாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்துவிட்டது.

சடங்கு செய்ய மண்டபம் ஆவணியில்தான் கிடைத்தது. சடங்கு முடியும்வரை வெளியே போகிற பிள்ளையோடு ஒரு இரும்புத் துண்டு இருக்க வேண்டும், காத்துக் கருப்பு அண்டாது என்பது எங்கள் வழக்கம். எனக்கு இதிலே முழு நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்யாமல் விட்டு, நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? என் அம்மா எனக்கு வைத்தாள், நான் இவளுக்கு வைத்தேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

ஒரு ஆணி போதும். ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டிருந்தால் ஒரு கதையும் இல்லை. தேடினேன், வீட்டில் ஆணி இல்லை. பாக்குவெட்டி பாரம். குசினி லாச்சியை இழுத்துப் பார்த்தால் கிழங்கு சீவுகிற சின்னக் கத்தி கிடந்தது. அதை மஞ்சள் பூசிய துணியில் சுற்றிப் புத்தகப் பையின் அடியில், ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். புத்தி கெட்ட மனுசி நான்.

“அம்மா, இது விசர் வேலை” என்றாள் மகள். பதின்மூன்று வயது. சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

“வாயைப் பொத்திக்கொண்டு போ. அது தன்ர பாட்டிலை கிடக்கட்டும். நீ தொடாதை.”

அவள் தொடவே இல்லை. நான் வைத்தபடி அப்படியே சுமந்துகொண்டு போனாள், வந்தாள். அதுதான் அவள் செய்த குற்றம் முழுவதும்.

அந்த மாதம் எங்களுக்குப் பக்கத்து ஊரில் பஸ் தரிப்பிடத்தில் வைத்து ஒரு பள்ளிக்கூடப் பெடியனைக் குத்திப்போட்டார்கள். பிள்ளை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் ரீச்சர்மார் நின்று பைகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டாம் நாளே என் மகளின் பை திறபட்டது.

நான் பக்டரியில் தலைக்கு வலைத்தொப்பியோடு நின்றேன். சுப்பவைசர் வந்து கூப்பிட்டான். தொப்பியைக் கழற்றவும் மறந்து ஓடினேன். தலைமை ஆசிரியர் அறையில் அவரும் ஒரு பொலிஸ்காரரும் இருந்தார்கள். மேசை நடுவில் என் மஞ்சள் துணி, அதன்மேல் என் கத்தி. அந்தக் கத்தியால் நான் எத்தனை கிழங்கு சீவியிருப்பேன். அந்த மேசையில் அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். அவருக்குக் கத்தியைவிடத் துணிதான் பிரச்சினை. மறந்துபோய்ப் பையில் கிடந்த கத்தி என்றால் அது வேறு கதை. இது சுற்றி, அடியில் ஒளித்து வைத்தது. “ஏன் வைத்திருந்தாய்?” என்று மகளைக் கேட்டார்.

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிய. “எனக்குப் பயம். அதுதான் வைத்திருந்தேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு ஆம்பிளைகளுக்கு முன்னால் தான் பெரியபிள்ளையான கதையைச் சொல்ல அவளால் ஏலாது. நான் சொல்லியிருக்கலாம். “எங்கள் சமயத்தில் அப்படி ஒரு வழக்கம், வைத்தது நான்” என்ற அளவுக்கு என் பக்டரி ஆங்கிலமே போதும். சொல்லவில்லை. பிள்ளை சொல்லவேண்டாம் என்கிறாள், பிறகு ஆறுதலாகத் தனியாக வந்து சொல்லுவோம் என்று நினைத்தேன். தலைமை ஆசிரியருக்கோ ‘பிறகு’ என்று ஒன்று இருக்கவில்லை. அன்றைக்கே பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி, அந்தக் கிழமைக்குள் அது நிரந்தரம் என்று கடிதம் அனுப்பிவிட்டார். நான் மூன்று முறை போய் நின்றேன். பள்ளிக்கூடக் கந்தோரில் இருந்த பெண்மணி என்னைக் கதிரையில்கூட இருத்தவில்லை.

வகுப்பில் இரண்டாவதாக வந்த பிள்ளை. கவுன்சில் அவளுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தது. அங்கே யன்னல் கண்ணாடிகள் பாதி பலகை அடித்துக் கிடந்தன. படிப்பு எப்படி என்று கேட்டால் “ம்” என்பாள். சாப்பாடு எப்படி என்றாலும் “ம்”.

அந்த நேரம்தான் பேப்பரில் வந்தது, பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் ஒன்று வரப்போகிறது என்று. பள்ளிக்கூடத்துக்குள் கத்தியோடு பிடிபட்டால் கோர்ட், மறியல் என்று உள்ளே போடுவார்கள். பொலிஸ் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சோதிக்கலாம். நல்ல காரணம் இருந்தது என்று காட்ட வேண்டியது பிடிபட்ட பிள்ளை. அதை இரண்டு தரம் வாசித்தேன். அந்த அறையில் வாய் திறக்க ஏலாமல் போன பிள்ளை கோர்ட்டிலே நின்றா திறக்கும்? என் மகளுக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான் போனது. இனி இப்படி மாட்டுகிற பிள்ளைக்கு எல்லாம் போகும்.

எங்கள் பகுதி எம்.பி. சனிக்கிழமை பின்னேரம் லைப்ரரி மண்டபத்தில் இதைப்பற்றிக் கூட்டம் வைக்கிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போய் எதிர்த்துக் கதைப்பது என்று முடிவெடுத்தேன். எம்.பி. ஒரு கடிதம் கொடுத்தால் பழைய பள்ளிக்கூடம் பிள்ளையைத் திருப்பி எடுக்கும் என்று பக்டரியில் ஒருத்தி சொன்னதும் மனதில் கிடந்தது.

“இஞ்சை பாரும், தேவையில்லாத வேலை. எங்கடை ஆக்களும் வருவினம்” என்றார் என் மனுசன்.

“வரட்டும். நான் களவெடுக்கவோ போறன்?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். நீள வேண்டிய இடத்தில் நீளாத வாய்.

எங்கள் வீட்டு ஆங்கிலக் கடிதம் எல்லாம் மகள்தான் எழுதுவாள். இதை அவளிடம் கேட்க ஏலாது. ஒரு கிழமையாகப் பக்டரியில் பாண் துண்டுகளுக்குப் பட்டர் பூசிப் பூசி மனதுக்குள் சொல்லிப் பாடமாக்கினேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதி எங்கள் ஆட்கள். எங்கள் பெடியள் குழு சேர்ந்து வாளும் கத்தியுமாகத் திரியத் தொடங்கிய காலம், எல்லோருக்கும் வீட்டில் ஒரு பயம் இருந்தது. முதலில் கதைத்தது பஸ் தரிப்பிடத்தில் செத்த பெடியனின் தாய், ஒரு வெள்ளைக்கார மனுசி. மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா. கொஞ்சம்தான் கதைத்தா. “காரணம் கேட்காதேங்கோ, கத்தியைப் பறியுங்கோ” என்பதுதான் அவ சொன்னதின் சாரம். அந்தத் தாய்க்குப் பிறகு எழும்பி, இந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல எந்த முகத்தோடு ஏலும்? அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். எழும்பினேன்.

பாடமாக்கியது ஒன்றும் வரவில்லை. என் மகள் ரவுடி இல்லை என்றேன். கத்தி வைத்தது நான் என்றேன். அவள் பெரியபிள்ளையானவள், அதற்கு இரும்பு வைப்பது எங்கள் வழக்கம், ஆம்பிளைகளுக்கு முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் பிள்ளை பொய் சொன்னது, வெட்கப்படுகிற பிள்ளையிடம் காரணம் கேட்கிற சட்டம் வேண்டாம் என்றேன். வெள்ளைக்காரருக்குப் பாதிதான் விளங்கியது. எங்கள் ஆட்களுக்கு முழுக்க விளங்கியது. ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்தார்கள். பின்னால் இருந்து பெட்டைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

எம்.பி. நல்ல மனுசன். குறிப்பெல்லாம் எழுதினார். நல்ல காரணம் உள்ளவர்களுக்குச் சட்டத்திலே இடம் இருக்கிறது, சமயமும் ஒரு காரணம்தான், அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். இனிப் பள்ளிக்கூடத்தின் முடிவில் தான் தலையிட முடியாதாம். நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். வேறென்ன செய்வது. கூட்டம் முடிய அந்தத் தாய் என்னிடம் வந்து கையைப் பிடித்து, “உன் மகளை நினைக்கக் கவலையாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு இந்தச் சட்டம் வேண்டும்” என்றா. அவவோடு எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. சட்டம் பிறகு வந்தது, நான் சொன்னதாலே அதிலே ஒரு எழுத்தும் மாறவில்லை.

லைப்ரரியிலிருந்து வீட்டுக்கு நடந்து இருபது நிமிசம். அதற்குள் கதை எனக்கு முன்னால் போய்விட்டது. மகள் படியில் இருந்தாள், பக்கத்தில் போன். கூட்டத்துக்கு வந்திருந்த பெட்டை ஒருத்தி, இவளுடைய புதுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

“எல்லாருக்கும் சொன்னீங்களோ?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். அந்தக் காலத்தில் அவள் என்னோடு தமிழில் கதைப்பதே குறைவு.

“உனக்காகத்தான் பிள்ளை சொன்னனான். நீ ரவுடி எண்டு எல்லாரும் நினைச்சுக்கொண்டு இருக்கினம்.”

“நினைக்கட்டும். அந்தப் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் என்னிலை பயம், அம்மா. ஒருத்தரும் கிட்ட வாறேல்லை, ஒருத்தரும் அடிக்கிறேல்லை. கத்தி கொண்டு போனவள் எண்ட பேரோடை எனக்கு இருக்க ஏலும். ஏன் கொண்டு போனனான் எண்டு மட்டும் தெரியக்கூடாது எண்டுதான் பள்ளிக்கூடத்தையும் விட்டனான். என்னட்டை மிச்சம் இருந்தது அந்தப் பொய் ஒண்டுதான். அதையும் போய்ப் பறிச்சுக் குடுத்திட்டு வந்திருக்கிறீங்கள்.”