மதிலுக்கு வெளியே நீட்டிய கிளை

நம் ஊரைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருடம்தான் எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் தூங்குமூஞ்சி மரங்களை நட்டார்கள். இன்று அந்தப் பூங்காவுக்குப் புதுப் பூட்டு, புது போர்டு.

எனக்குப் படிக்க வராது. வாட்ச்மேனைக் கேட்டேன்.

"மரத்துல சில கிளை காஞ்சி போச்சு, விழும், உள்ள வராதீங்கனு போட்டிருக்கு பெரியவரே."

"அப்ப கிளைய வெட்டறதுதானே?"

"ஃபண்டு கம்மிங்க. போர்டுக்குத்தான் வந்துச்சு."

கிரிவலத்துக்கு வந்த விழுப்புரம் குடும்பம் ஒன்று, லாட்ஜுக்கு வசதியில்லாமல், மதிலுக்கு வெளியே நிழலில் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். காய்ந்த கிளை மதிலைத் தாண்டி அவர்கள் தலைக்கு மேலேதான் நீட்டியிருந்தது.

"இங்க விழாதாப்பா?"

"விழுங்க. ஆனா மதிலுக்கு வெளிய நம்ம பொறுப்பு இல்ல."

என்ன ஒரு பாதுகாப்பு. நானே அவர்களை எழுப்பி எதிர்க்கடை வாசலில் உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அதே நிழலில் அடுத்த குடும்பம்.

முன்பெல்லாம் நகராட்சியில் கயிறு கட்டி ஏறிக் கிளை கழிக்க நாலு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் குறைந்தபோது அந்த வேலைக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. நாளைக்கே ஃபண்டு வந்தாலும் ஏறப்போவது யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த நாலு பேரில் இன்று உயிரோடு இருப்பது, இரண்டு முட்டியும் போன சின்னசாமி மட்டும்தான்.