இடப்பக்கம்

வீட்டு கேட்டருகே மெதுவாகத் திரும்பும்போது பைக் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. காலை ஊன்றத்தான் பார்த்தேன், கால் வரவில்லை. சிந்திய பெட்ரோல் வாசனையில் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த தாபோடி குவார்ட்டர்ஸ் கண்முன் வந்தது.

போசரி ஃபேக்டரியிலிருந்து பைக்கில் வரும் அப்பாவும் வாசலில் திரும்பும்போது இப்படித்தான் விழுவார், எப்போதும் இடப்பக்கம். "க்யா அண்ணா, ஜாஸ்தி பீ லியா?" என்று, அதிகமாகக் குடித்துவிட்டதாகக் கேலி செய்து பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். அப்பா குடிக்காதவர், அவரும் சிரித்துக்கொண்டே வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஹேண்டில்பாரைப் பிடித்துக் கால்களால் உந்தி நிமிர்த்துவார். ஒருநாள் குந்தியவர் எழவில்லை. இடது கால் மரத்துப்போயிருந்தது. அதன்பிறகு கட்டில்தான்.

நானும் முதுகைக் காட்டி வண்டியை நிமிர்த்தினேன். சத்தம் கேட்டு அம்மா கதவைத் திறந்தாள்.

"எந்தப் பக்கம்டா விழுந்தே?"

வண்டியின் நெளிந்த இடது கண்ணாடியை மறைத்து நின்றுகொண்டு, "ரைட் சைடும்மா" என்றேன்.