மண்டபத்துக் கைதும் கனடா விசாவும்

கனடா செல்ல எங்களுக்கு நுழைவிசைவு கிடைத்துவிட்டது, தோழர்களே! மகளின் பேறுகாலத்தில் தாயும் தந்தையும் உடனிருப்போம்.

சென்ற மாதம் இராசபாளையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிய பயண முகவர் காதர் பாய், "ஐயா, எப்பவாச்சும் அரெஸ்ட் ஆயிருக்கியளா?" என்று கேட்டார்.

"எத்தனை முறை என்று கேளுங்கள்!" என்றேன்.

என் மனைவி கொதித்துவிட்டார். "மக அங்க ஒத்தையில வயித்தத் தள்ளிக்கிட்டுக் கெடக்கா. இங்கயும் மேடை போடாதிய! பாய், இல்லைன்னு போடுங்க."

பொய் எழுத நான் இசையவில்லை. ஒவ்வொரு முறையும் சாலை மறியல் செய்தோம், காலையில் கைது செய்து திருமண மண்டபத்தில் வைத்தார்கள், எலுமிச்சைச் சோறு கொடுத்து மாலையில் விடுவித்தார்கள், வழக்கு ஏதுமில்லை. இப்படி விளக்கம் எழுதி இணைத்தேன்.

அன்றிலிருந்து மனைவி என்னோடு பேசவில்லை. மகளின் ஆசைக்கு நானே தடையாகிவிட்டேனோ என்று எனக்கும் உள்ளூர அச்சம்தான்.

இன்று இருவரும் திருவில்லிபுத்தூர்ப் பேருந்தில் வரும்போது பாய் அழைத்தார்.

"ஐயா, ரெண்டு பேருக்கும் விசா வந்துருச்சு! அந்த எலுமிச்சஞ் சோத்த அவிய நம்பிட்டாக!"

மகிழ்ச்சியில் எழுந்து நின்று முழங்கிவிட்டேன். நடத்துநர், "ஐயா, உக்காருங்க, பஸ்ல மைக்கு கெடையாது" என்றார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குப் பின் வாய் திறந்தார்: "ஊரு திரும்புத வரைக்கும் அங்க ஒரு வார்த்த அரசியல் பேசப்படாது, ஆமா!"

ஒப்புக்கொண்டுவிட்டேன். பேசாமல் இருப்பது எப்படி என்று அறிந்தோர் கீழே எழுதுக!