ரேணுகாம்பாளின் மீன்களுக்கு முகம் உண்டு

மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரேணுகாம்பாள் முகத்தைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சங்கராவை எடுப்பார். தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவார். பிறகு பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் சரி, அவரிடம் ஒரு கேள்வி.

"இது யாரு மாதிரி இருக்குது, கரெக்டா சொல்லுங்க பாப்போம்."

முதல் முறை மாட்டிக்கொண்டவன் நான். தெரியவில்லை என்றேன். "கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுல ஜன்னல் சீட்டுக்கு டெய்லி சண்ட போடுவாரே ஒருத்தரு, அவரேதான்" என்று சொல்லி, அந்த மனிதரை மறுபடி ஐஸில் படுக்க வைத்துவிட்டு, அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு கிளம்பினார். எப்போதும் நெத்திலிதானாம். ஏன் என்று கேட்டேன். "அதுல யாரு முகமும் இருக்காதுங்க. நிம்மதியா சாப்பிடலாம்."

ரேணுகாம்பாளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் உண்மையான நிறம் இப்போது யாருக்கும் தெரியாது. கழுத்தில் நூல் கட்டிய கண்ணாடி தொங்கும், கிட்டத்தில் பார்க்க மட்டும். திருவண்ணாமலையில் சுவரிலோ பலகையிலோ ஒரு மீனைப் பார்த்தீர்களானால் அது பெரும்பாலும் இவர் கைவேலை. ஆனால் கீழே 'வேணு ஆர்ட்ஸ்' என்றுதான் இருக்கும். வேணு இவருடைய கணவர். எழுத்து எழுதினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மீன் வரையச் சொன்னால் வாழைப்பூ வரைவார். அதனால் எழுத்து அவருக்கு, படம் இவருக்கு, பெயர் மட்டும் அவருக்கு என்று கல்யாணம் ஆன புதிதில் ஏற்பட்ட ஏற்பாடு அப்படியே நின்றுவிட்டது. ஊரில் பாராட்டுகிறவர்கள் வேணுவைப் பாராட்டுவார்கள். அவரும் கூச்சத்தோடு தலையை ஆட்டுவார், பாவம்.

ரேணுகாம்பாளின் மீன்களில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு, ஒருக்களித்துப் படுத்திருக்கும். நீந்துகிற மீனை இவர் பார்த்ததில்லை. கடலூரிலிருந்து வேனில் வந்து ஐஸில் படுத்துக் கிடப்பவைதான் இவருக்கு மாடல். ஒருமுறை சொந்தக்காரர்களோடு பாண்டிச்சேரி கடற்கரைக்குப் போயிருக்கிறார். போய், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுண்டல் தின்கிறவர்களையே சாயங்காலம் வரை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "தண்ணிக்கு மேலாக்க இன்னா தெரியுது? ஒண்ணுமே தெரியல. மீனெல்லாம் கரையிலதான் உக்காந்துக்கினு இருந்துது."

முகம் வைக்கிற வழக்கம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். செத்த மீனுக்கு உயிர் வரவில்லையே என்று ஒரு நாள் எரிச்சலில், தன் நாத்தனாரின் முகத்தைக் கடைப் பலகையில் இருந்த வஞ்சிரத்துக்கு வைத்துவிட்டார். வஞ்சிரம் உடனே எழுந்துகொண்டதாம். அந்த நாத்தனார் இன்றும் வாரா வாரம் அதே கடையில் அதே பலகைக்குக் கீழே நின்று பேரம் பேசுகிறார். பலகையை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. நானும் ஒரு நாள் ஒளிந்து நின்று இரண்டையும் ஒப்பிட்டேன். அந்த உதட்டுச் சுழிப்பு அச்சு அசல். சிரிப்பை அடக்க முடியாமல் முருங்கைக்காய் வாங்குவது போல் பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

இதெல்லாம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடலைக் காணாமல் கடலை வரைந்தவர்களின் கதை ரொம்பப் பழையது. நம் கோயில் தோரணங்களில் இருக்கும் மகரத்தைப் பாருங்கள்: யானைத் தும்பிக்கை, முதலை வாய், பூங்கொத்து மாதிரி வால். எந்த வலையிலும் அது மாட்டியதில்லை. நானூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியபோது அதை வரைந்தவர், துடுப்பைக் காது என்று நினைத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அடுத்து வந்தவர்கள் திமிங்கிலத்தைப் பார்க்கவில்லை, அவர் படத்தைப் பார்த்தார்கள். அவர்கள் திமிங்கிலங்களுக்கும் காது முளைத்தது. இதை ரேணுகாம்பாளிடம் சொன்னபோது தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப அவங்களும் ஐஸ் பெட்டிய பாத்துதான் வரைஞ்சாங்களா?"

ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பூரிப்பு.

போன ஆனியில் வேங்கிக்காலில், அரசு அலுவலர் குடியிருப்புகளுக்கு நடுவே, புதிதாக ஒரு மழலையர் பள்ளி கட்டினார்கள். வாசலுக்கு நேரே இருக்கும் நீளச் சுவர் முழுக்கக் கடல் வேண்டும் என்றார் தாளாளர் ராமகிருஷ்ணன். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ரேணுகாம்பாள் ஒன்று கேட்டார். கீழே மூலையில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாமா? பார்க்கலாம் என்றார் ராமகிருஷ்ணன்.

"ஊருல எல்லாச் செவுத்துலயும் அவரு பேருதான் இருக்குது" என்றார் என்னிடம். "நான் ஒண்ணும் கொறையா சொல்லல. ஒரு செவுரு, ஒரே ஒரு செவுரு, என் பேருல இருக்கட்டுமே." அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

வேலை நன்றாகத்தான் போனது. கடல் குதிரை, கணவாய், ஆமை எல்லாம் வந்து சேர்ந்தன. ஆமைக்குப் பள்ளி ஆயா ஆராயியின் முகம். ஆராயிக்கு அதில் பரம சந்தோஷம். வினை அவர் வாயிலிருந்தே வந்தது. ஒரு மத்தியானம் உருண்டையாக உப்பிய பேத்தை மீனைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இது நம்ம சாரு!" என்று பள்ளிக்கூடம் அதிரக் கத்திவிட்டார்.

ராமகிருஷ்ணன் வந்தார். பேத்தையைப் பார்த்தார். கை தன்னாலே கன்னத்துக்குப் போனது.

"இன்னாம்மா இது?"

"பேத்தைங்க சார். பயந்தா ஊதிக்கும்."

"அழிச்சிடுங்க. அப்பறம், பேரு எழுதறேன்னீங்களே, அதுவும் வேணாம். செவுரு ஸ்கூலோடது."

ரேணுகாம்பாள் பேத்தையின் மேல் நீலத்தை இழுத்தார். கிளம்பிப் போன ராமகிருஷ்ணன் பாதி வழியில் நின்று திரும்பினார். சுவரின் நடுவே உருவம் மட்டும் கோடிழுத்து விட்டிருந்த திமிங்கிலத்தை அப்போதுதான் கவனித்தார்.

"அது யாரு?"

"அதுக்கு இன்னும் யாரும் கெடைக்கலைங்க சார்."

ராமகிருஷ்ணன் சட்டையைச் சரி செய்துகொண்டார். "பெரிய சைஸு. கொஞ்சம் கௌரவமான ஆளா இருக்கணும். நிதானமான ஆளா."

"ஆமாங்க சார். அதான் தேடறேன்."

"காது ஜாஸ்தியா தெரியாம போடுங்க" என்றார் அவர், மெல்லிய குரலில். நாலடி போய் மறுபடி வந்தார். "நெத்தில பட்டை மறந்துடாதீங்க. பட்டை இல்லன்னா என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது." உண்மைதான். மூன்று கோடு விபூதி இல்லாமல் அவரை வேங்கிக்காலில் யாரும் பார்த்ததில்லை.

"பேரு போச்சே" என்றேன் ரேணுகாம்பாளிடம். அவர் உடனே வேணுவுக்குப் போன் போட்டு, இருப்பதிலேயே சன்னமான தூரிகையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வேணு வந்தார். மனைவி சொன்னதைக் கேட்டார். ஏணியில் நின்று திமிங்கிலத்தின் நெற்றியைப் பார்த்தார்.

"எந்தக் கடல்லடி திமிங்கிலம் பட்டை போடுது?"

"நீ எழுது. அந்தாளு நெத்திப் பட்டைய அந்தாளே அழிப்பாரா?"

மேல் கோடும் கீழ்க் கோடும் ரேணுகாம்பாள் இழுத்தார். வேணு எழுதிய நடுக்கோடு கோடே அல்ல. ஊர்ப் பெயரோடு சேர்த்து மனைவியின் பெயர், வெள்ளையில், எறும்பு ஊர்வது போல் நெருக்கி நெருக்கி. அத்தனை பலகைகளில் தன் பெயரை எழுதிய அந்தக் கை இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. தள்ளி நின்றால் அருமையான விபூதிப் பட்டை. காதுகளும் மறக்கப்படவில்லை, கண்ணுக்குப் பக்கத்திலேயே, நானூறு வருடத்துப் பிழை மாறாமல்.

திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்த ஒரு குடும்பம், திமிங்கிலத்தின் நெற்றியைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். ராமகிருஷ்ணனுக்கு முகம் கொள்ளாத மலர்ச்சி. படம் எடுத்துக்கொள்வதற்காகத் திமிங்கிலத்தின் அருகில் போய் நின்றவர், தற்செயலாக நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கினார். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றி வரை கொண்டுபோய், எதிரே கைகூப்பி நிற்கிறவர்களைப் பார்த்து, அதைக்கொண்டு தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா," என்றார் பல்லைக் கடித்த சிரிப்போடு, "நடுவுல ஏதோ எழுத்து மாதிரி தெரியுதே?"

ரேணுகாம்பாள் இல்லை என்று சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய கண்ணாடியை நூலோடு கழற்றி, புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்து, அவரிடம் நீட்டினார்.