மேற்குச் சுவரின் சார்ப்பு

பெரியம்மா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கு வெளியே, சுவரை ஒட்டி இறக்கிய சார்ப்பின் கீழ் கால் நீட்டி அவர் உட்கார்ந்திருக்கும் காட்சிதான். உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் அவர் வாசற்படியைத் தாண்டியதில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, உப்பளங்களை மேற்பார்வையிட்ட வெள்ளைக்காரர்கள் கட்டிய மரத் தேவாலயம் அது. மணல் பூமி கல் சுவரைத் தாங்காது என்று பர்மா தேக்கைக் கப்பலில் வரவழைத்தார்களாம். சுவர் முழுக்கப் பலகை. கூராகக் குவியும் ஜன்னல்கள். ஆணி அடிக்காமல் மரமுளையால் கோத்த உத்திரங்கள். உப்பளத்தில் கூலிக்கு உழைத்த எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றபோது, அவர்கள் உட்கார மேற்குச் சுவரை ஒட்டிப் பனங்கைச் சட்டங்களைச் சுவரில் செருகி ஒரு சார்ப்பு இறக்கினார்கள். பாட்டும் பிரசங்கமும் அவர்களுக்கு ஜன்னல் வழியாகத்தான். துரைகள் போன பிறகு எங்கள் ஜனங்கள் உள்ளே போனார்கள். பெரியம்மாவின் தாய் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். "எங்கம்மா பாக்காத எடத்த நான் பாத்து இன்னா ஆவப்போவுது?" என்பார் பெரியம்மா.

கரையான் அரித்த கட்டடத்தைப் பழையபடி புதுப்பிக்க முடிவானபோது, சார்ப்பு பிற்காலத்தில் சேர்த்தது, எடுத்துவிடலாம் என்றது சபைக் கமிட்டி. சிறுசேரியில் வேலை பார்க்கும் என் அண்ணனும் அந்தக் கமிட்டியில் இருந்தான். கூட்டம் நடந்த அன்று பெரியம்மா வாசலில் வந்து நின்றார்.

"நம்மள வெளிய உக்கார வெச்சத நாமளே ஊருக்குக் காட்டிகினு இருக்கணுமா, பெரீம்மா? அசிங்கமா கீது" என்றான் அண்ணன்.

"அசிங்கம் நமக்கில்லடா நைனா, உக்கார வெச்சவனுக்கு. தொர உக்காந்த பெஞ்சுக்கு பாலீஷ் போடறீங்கோ. எங்கம்மா உக்காந்த எடத்த பேத்துட்டா, நாம இங்க இருந்ததுக்கு இன்னா சாட்சி?"

ஆனாலும் சில நாட்களில் சார்ப்பைப் பிரித்துவிட்டார்கள். பனங்கை செருகியிருந்த துளைகளையும் அடைத்துப் பெயிண்ட் அடித்தார்கள். அடுத்த ஞாயிறு பெரியம்மா அதே இடத்தில், வெறும் மணலில், வெயிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் குடை கொண்டுபோய்ப் பிடித்தான். அவர் அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். கேட்டால் கால் வலி என்பார். இப்போது ஈசிஆரில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி, உத்திரங்களை அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். மேற்குச் சுவரின் பக்கம் பார்க்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஐப்பசி மழையில் பெரியம்மா இறந்துபோனார். சவப்பெட்டியைத் தூக்கிவந்தவர்கள் தேவாலயப் படியில் கால் வைத்தபோது, அண்ணன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"உள்ள வேணாம். இங்க எறக்குங்க" என்று மேற்குச் சுவரோரம் ஈர மணலைக் காட்டினான்.

போதகர் சற்றுத் தயங்கினார். பிறகு குடையை விரித்துக்கொண்டு படியிறங்கி வந்து, அங்கேயே ஜெபத்தைத் தொடங்கினார். தூறலில் நின்று எல்லோரும் பாடினோம். அண்ணன் பெட்டிக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.